உரியவரைத் தேடும் பொருள்கள்

1995இல் சியரா ஆன்லைன் நிறுவனம் 'ஷிவர்ஸ்' என்றொரு கணினி விளையாட்டை வெளியிட்டது. நண்பர்களின் சவாலை ஏற்ற ஒரு பிள்ளை, மூடிக் கிடக்கும் நூதனசாலை ஒன்றில் ஓர் இரவு முழுவதும் தனியே அடைபடுவதுதான் கதை. விண்டில்நாட் என்ற பேராசிரியர் உலகெங்குமிருந்து விசித்திரங்களைத் திரட்டி அமைத்த இடம் அது. ஈமச் சடங்குப் பொருள்கள் ஒருபுறம், வதைக் கருவிகள் ஒருபுறம், நடுவே தூக்குமரம். பேராசிரியர் எங்கேயோ மறைந்துபோனார். 1980இல் உள்ளே நுழைந்த இரு இளையவர்களும் திரும்பவில்லை. பத்துக் கலங்களில் அடைபட்டிருந்த தீய ஆவிகள் வெளியேறி நீரிலும் சாம்பலிலும் துணியிலும் ஒளிந்திருக்கின்றன. கலம் ஒரு மூலையில் கிடக்கும், அதன் மூடி இன்னொரு மூலையில். உரிய மூடியை உரிய கலத்தோடு சேர்த்து எடுத்துப் போனால் ஆவி அடங்கும்; வெறுங்கையோடு நெருங்கினால் ஆடுபவரின் உயிரில் ஒரு பங்கு குறையும்.

இந்த அச்சத்தை நாம் ஏன் காசு கொடுத்து வாங்குகிறோம்? நடுக்கத்தின் சுகம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அதனினும் ஆழமான ஓர் ஏக்கம் இங்கே நிறைவேறுகிறது. பூட்டு உண்டென்றால் திறவுகோலும் உண்டு, எந்தக் கொடுமையின் முடிவிலும் ஒரு விடை காத்திருக்கிறது என்ற உறுதியைப் புதிர் நமக்குத் தருகிறது. வாழ்க்கை அப்படியோர் உறுதியை யாருக்கும் தந்ததில்லை. அந்த உறுதிக்கு நாம் கொடுக்கும் விலைதான் கவனிக்கத்தக்கது. தூக்குமரமும் அங்கே ஒரு புதிர்தான். அதில் தொங்கியவர் யார் என்று கேட்க ஆட்டத்தில் நேரமில்லை.

கலமும் மூடியும் நமக்குப் புதியவை அல்ல. பொருநை ஆற்றங்கரையில், ஆதிச்சநல்லூரில், இறந்தோரைத் தாழிகளில் இட்டு மேலே மூடி கவித்து மண்ணுக்குள் வைத்தார்கள். 1876இல் ஜெர்மானியரான யாகோர் அங்கே தோண்டினார். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். இன்று அகழ்ந்த குழியின் மேல் கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். அதன் மேல் நின்று, காலுக்குக் கீழே தாழிகளைக் காணலாம். இணுவிலுக்கு அருகே ஆனைக்கோட்டையிலும் 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் பெருங்கற்காலப் புதைகுழி ஒன்றைத் திறந்தார்கள். எழுத்துப் பொறித்த சிறு முத்திரை ஒன்று கிடைத்ததால் அந்த ஊரின் பெயர் வரலாற்றில் ஏறியது. நல்லூர் நூதனசாலைக்குப் போனால் திமிங்கல எலும்பும் ஒல்லாந்தர் பீரங்கியும் ஏழு வாய்ப் பானையும் விக்டோரியா மகாராணியின் ஓவியமும் ஒரே கூரையின் கீழ் இருக்கும். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாகப் பார்த்துவிட்டு வருகிறார்கள். யாருக்கும் உடல் சிலிர்ப்பதில்லை. எலும்பு இருந்தும் அச்சம் இல்லை. ஆகவே அச்சம் எலும்பில் குடியிருப்பதன்று. எலும்புக்கும் நமக்கும் இடையே உறவு அறுந்திருக்கிறதா, இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தே அது வருகிறது, போகிறது.

இந்த உறவைக் காலம்தான் அறுக்கும் என்று நாம் எண்ணுவது வழக்கம். அந்த எண்ணம் முழுமையானதன்று. 2009இல் இலங்கைப் போர் முடிந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே புதுக்குடியிருப்புக்குப் பேருந்துகளில் கூட்டம் கூட்டமாக மக்கள் வந்தார்கள். இராணுவம் காட்சிக்கு வைத்த படகுகளையும் ஆயுதங்களையும், புலிகளின் தலைவர் இருந்த நிலக்கீழ் மாளிகையையும் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். 2013 ஒக்ரோபரில் அந்த மாளிகை வெடி வைத்துத் தகர்க்கப்படும் வரை அது ஒரு சுற்றுலாத் தலம். அதே மண்ணில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அந்த வாசலைக் கடப்பதே நெஞ்சைப் பிளக்கும் செயல். வந்தவர்கள் எல்லாரும் கொடியவர்கள் என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவர்களில் பலர் தம் வீட்டிலும் ஒரு படைவீரனை இழந்தவர்களாக இருக்கக் கூடும். ஆயினும் ஒரே பொருள் ஒருவருக்குக் காட்சியாகவும் மற்றவருக்குக் காயமாகவும் இருந்தது. நான்கு ஆண்டுகள் போதாத இடத்தில் மனத்தின் தூரம் போதுமானதாக இருந்தது.

அப்படிப் பறிகொடுக்கப்பட்டு மறைந்துபோனவர்களை நினைக்கும்போது இணுவிலின் பழங்கதை ஒன்றையும் நினைக்காமல் இருக்க முடிவதில்லை. இளந்தாரி என்று ஊரார் போற்றும் கைலாயநாதன் புளியமரத்தில் ஏறி மறைந்தார் என்பார்கள். அவருக்குக் கோயில் உண்டு, பொங்கல் உண்டு, நேர்த்தி உண்டு. காணாமற்போனவரை ஊரே சேர்ந்து தன்னவர் என்று உரிமை கொண்டாடியபோது, அந்த மறைவு தெய்வமாயிற்று. விண்டில்நாட்டின் மறைவு புதிராயிற்று. நம் காலத்து மறைவுகள் கோப்புகளாயின.

அத்தகைய ஒரு கோப்பு நல்லூருக்கு அப்பால், செம்மணி வெளியில் திறக்கப்பட்டது. மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி கொலை வழக்கில் 1998இல் மரண தண்டனை பெற்ற படைவீரர் ஒருவர், அங்கே 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டதாக நீதிமன்றத்தில் சொன்னார். 1999இல் தோண்டியபோது 15 உடல்கள் கிடைத்தன. பிறகு நெடுங்காலம் அந்த வெளியில் உப்புக் காற்று மட்டுமே வீசியது. 2025 பெப்ரவரியில் அதே செம்மணியின் சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்காக மண்ணைக் கிளறியவர்களின் கையில் எலும்புகள் தட்டுப்பட்டன. அதன் பின் நடந்த அகழ்வில் 200க்கும் மேற்பட்ட எலும்புத் தொகுதிகள் வெளிவந்தன. பாடசாலைப் பை ஒன்று வந்தது. பிள்ளை விளையாடிய பொம்மை வந்தது.

அந்த ஆண்டு ஓகஸ்ட் 5ஆம் நாள், நீதிமன்றக் கட்டளைப்படி, அந்தத் துணிகளும் பொருள்களும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. படம் எடுக்கத் தடை. இப்படியொரு காட்சிசாலையை எந்தக் கற்பனையாளரும் ஒரு விளையாட்டுக்குள் அமைக்கத் துணிந்திருப்பாரா என்று தெரியவில்லை. வந்தவர்களிடம் 'இது என்ன' என்று யாரும் கேட்கவில்லை. 'இது உங்களுடையதா' என்று கேட்டார்கள். அங்கே நின்றவர் எதற்காக வேண்டியிருப்பார்? அடையாளம் தெரிந்தால் தேடல் முடியும், நம்பிக்கையும் அத்தோடு முடியும். தெரியாவிட்டால் நம்பிக்கை எஞ்சும், தேடலும் எஞ்சும். எந்த மூடியைக் கொண்டு எந்தக் கலத்தை மூடினாலும் அடங்காத துயரம் அது. வேறெந்த நூதனசாலையிலும் நாம் தப்பித்துக்கொள்ளும் அந்தக் கேள்வியை, கண்ணாடிக்குப் பின்னால் கிடக்கும் ஒவ்வொரு தாழியும், ஒவ்வொரு எலும்பும், ஒவ்வொரு தூக்குமரமும் சத்தமின்றிக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது என்பதையும், அதற்கு 'என்னுடையதாக இருக்கலாம்' என்று ஒரு கணமாவது உள்ளுக்குள் விடை சொல்லத் துணிந்தவருக்கே இறந்தகாலம் வேடிக்கை என்ற நிலையைக் கடந்து வரலாறாகிறது என்பதையும், அப்படித் துணிபவர் தம் உயிரில் ஒரு பங்கைக் கொடுக்காமல் அந்தக் கூடத்தை விட்டு வெளியேற முடியாது என்பதையும் அன்று செம்மணி நமக்கு உணர்த்தியது.

ஆனால் எலும்பைக் காட்சிக்கு வைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. கம்போடியாவின் துவோல் ஸ்லெங் சிறை, 1980இல் அருங்காட்சியகமானது. அங்கே கொல்லப்பட்டோரின் 300 மண்டையோடுகளை அடுக்கி நாட்டின் வரைபடம் ஒன்றைச் செய்து சுவரில் மாட்டியிருந்தார்கள்; 2002இல் அதைக் கழற்றினார்கள். அதைக் கழற்றியது சரி என்பதே என் எண்ணம். கொடுமைக்குச் சான்று வேண்டும், ஆனால் ஒருவருடைய தலை இன்னொருவருடைய வரைபடத்துக்கு ஓடாகிவிடக் கூடாது.

நாளை செம்மணிக்கும் ஒரு நினைவுக்கூடம் எழலாம். அதன் வடிவத்தையும் வாசகத்தையும் பற்றி வாதங்கள் எழும், எழட்டும். ஆனால் அடிக்கல் நாட்டும் முன்னர் ஒரு விதியை எழுதிக் கையெழுத்திட்டுவிட வேண்டும். அந்தப் பாடசாலைப் பைக்கு உரியவர் எத்தனை ஆண்டு கழித்து வந்தாலும், காட்சிக்கூடம் வெறுமையானாலும் ஆகட்டும் என்று, அதை அவர் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும்.