புல் மிச்சமிருக்கும்போதே...

இதுவரை எத்தனை வாடகை வீடு மாறியிருப்பீர்கள்? குட்டியானை வண்டியில் பீரோவும் கட்டிலும் ஏறும்போது, 'நமக்குன்னு ஒரு வீடு இருந்தா இந்த அலைச்சல் உண்டா?' என்று புலம்பாதவர்கள் குறைவு. ஒரே இடத்தில் நிலைத்திருப்பதுதான் நல்ல வாழ்க்கை என்று நம் மனசில் ஊறிப்போயிருக்கிறது.

மங்கோலியாவின் மேய்ப்பர்கள் காலம் காலமாக வேறு மாதிரி வாழ்கிறார்கள். அவர்களுடைய கம்பளிக் கூடாரத்துக்குப் பெயர் 'கெர்'. அவர்கள் மொழியில் அதற்கு 'வீடு' என்றுதான் அர்த்தம். பருவம் மாறினால் அந்த வீட்டையே பிரித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கோபி பாலைவனத்தில் ஒட்டகம், குளிர்ந்த மலையில் சடைமாடு, புல்வெளியில் குதிரையும் செம்மறியும் என்று இடத்துக்குத் தகுந்த கால்நடை.

இதில் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். குளிர்காலத்தில் தங்கப்போகும் இடத்துப் புல்லைக் கோடையில் மேய விடாமல் காப்பார்கள். புல் மிச்சமிருக்கும்போதே இடத்தைக் காலி செய்வார்கள். அந்த நாட்டின் 1992 அரசியல் சட்டப்படி, மேய்ச்சல் நிலம் தனியார் சொத்தாக முடியாது.

அப்படியானால் அவர்கள் ஆசையே இல்லாத மகான்களா? அதெல்லாம் இல்லைங்க. நம்மைப் போலத்தான். 1990-களில் சந்தை திறந்தது. காஷ்மீர் கம்பளிக்காக வெள்ளாட்டுக்கு மவுசு வந்தது. 1990-ல் சுமார் 50 லட்சமாக இருந்த வெள்ளாடுகள், 2019-ல் கிட்டத்தட்ட 3 கோடி! புல்லை அடிவரை கடிக்கிற ஜீவன் அது.

பிள்ளையின் படிப்புக்காக நாலு ஆடு கூடுதலாக வளர்த்தவரை எப்படிக் குறை சொல்வது? ஒருவர் செய்தால் புல்வெளிக்கு ஒன்றும் ஆகாது. எல்லோரும் 'நாலுதானே' என்று நினைத்தால்? பக்கத்து வீட்டுக்காரர் 300 அடி போர் போட்டால் நாம் 400 அடி போடுகிறோமே, அதே கணக்குதான்.

வறண்ட கோடையும் கொடும் பனியும் சேர்ந்து வந்த 2009-10 குளிர்காலத்தில், ஏற்கெனவே மெலிந்திருந்த கால்நடைகள் 80 லட்சத்துக்கும் மேல் செத்துப்போயின. எல்லாவற்றையும் இழந்த பலர் தலைநகர் உலான்பாதரின் ஓரத்துக்கு வந்தார்கள். அதே கெர் கூடாரம். இப்போது அதைச் சுற்றிப் பலகை வேலி.

நாம் ஏங்குகிற நிலையான வீடு அவர்களுக்குக் கிடைத்துவிட்டது. கிளம்பிப் போவதற்குத்தான் இடமில்லை.