சுடருக்கா, முகத்துக்கா?

திருவண்ணாமலைக் கார்த்திகைத் தீபத்தைப் பிலிம் சுருளில் படமெடுத்தவர்கள் எல்லாரும் ஒரு சங்கடத்தைச் சந்தித்திருப்பர். மாலை ஆறு மணிக்கு, 2668 அடி உயர மலையுச்சியில் கொப்பரை ஏற்றப்படுகிறது. கோயில் மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்திருப்பதால், அங்கு நிற்பவருக்கு மலை மேற்கே தெரியும். கதிரவன் சற்றுமுன் அதன் பின்னே மறைந்திருப்பான். வானில் இன்னும் வெளிச்சம் எஞ்சியிருக்க, மலை கரிய திரளாகிவிடும். கூடியிருக்கும் மக்கள் வெள்ளம் அரையிருளில் கிடக்கும். சில நிமிடங்களுக்கொருமுறை வானத்து ஒளி பாதியாகக் குறையும். சுடருக்கு ஏற்ப அளந்தால் மக்கள் மறைந்து போவர். மக்களுக்கு ஏற்ப அளந்தால் சுடர் வெறும் வெண்திட்டாகிவிடும். வானமும் வெளிறி, அந்திப்பொழுது பகலாகிவிடும். ஒரு படத்துக்கு ஒரே அளவைத்தான் கொடுக்க இயலும். யாருக்காக அளப்பது?

பிலிம் டப்பாவோடு வந்த அச்சிட்ட தாள் இதற்கு உதவாது. நல்ல வெயில், மேகமூட்டம், திறந்தவெளி நிழல் என்று அதில் சில வரிசைகள் உண்டு. 100 வேகச் சுருளுக்கு, நல்ல வெயிலில் திறப்பு 16, ஷட்டர் 125இல் ஒரு பங்கு. கோயில் மண்டபத்துக்கோ, பாஸ்காத் திருவிழிப்பின் ஒற்றை மெழுகுதிரிக்கோ அதில் வரிசை இல்லை. அங்கே மனிதர்தாம் தீர்மானிக்க வேண்டும். தீர்மானம் வரும் இடத்தில் அறமும் வந்துவிடுகிறது என்பதே நம் எண்ணம்.

கருவி தீர்மானிக்காதா எனலாம். காமிராவில் உள்ள லைட் மீட்டரின் இயல்பை நாம் சற்று அறிந்துகொள்வது நல்லது. தன்முன் இருப்பது எதுவாயினும், அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே அது கொள்கிறது. தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பித் தரும் பொருளே அதன் உலகம். வெள்ளையடித்த சுவரைக் காட்டினால் ஒளியைக் குறைக்கச் சொல்லும்; சுவர் சாம்பலாகும். அண்ணாமலையார் கோயிலின் கருங்கல் தூணைக் காட்டினால் ஒளியைக் கூட்டச் சொல்லும், தூணும் சாம்பலாகும். அது பொய் சொல்வதில்லை. சராசரியைச் சொல்கிறது, அவ்வளவே.

இதனால் யாருக்குக் கேடு என்று கேட்டால், நம் வீட்டு ஆல்பங்களைப் புரட்டினால் போதும். புதுநன்மை வாங்கும் பிள்ளைகள் வெண்ணிற உடையில் வரிசையாக நிற்கின்றனர். அவர்களுள் கருத்த நிறத்துப் பிள்ளை ஒன்று. மீட்டர் அத்தனை வெண்மையையும் கண்டு, ஒளியைக் குறைக்கச் சொல்கிறது. உடையின் மடிப்புகள் அழகாக விழுகின்றன. அந்தப் பிள்ளையின் முகம் மட்டும் இருளில் கரைந்துவிடுகிறது. அருகில் நிற்பவர்களின் வெண்மையே அதற்குக் காரணம். அனுபவமுள்ள ஸ்டூடியோக்காரர் மீட்டரை மீறி ஒன்றரை, இரண்டு ஸ்டாப் கூடுதலாகத் திறப்பார். நெகட்டிவ் சுருள் தாராளத்தைப் பெருமளவு பொறுத்துக்கொள்ளும், கஞ்சத்தனத்தைப் பொறுக்காது. துணியின் மடிப்பு சிறிது போனால் போகட்டும் என்று அவர் முடிவு செய்கிறார். நாமும் அவர் பக்கமே.

இதற்கு வேறொரு வழியும் உண்டு. பொருளிலிருந்து திரும்பி வரும் ஒளியை விட்டுவிட்டு, அதன்மேல் விழும் ஒளியை அளக்கும் மீட்டர் இருக்கிறது. பிள்ளையின் முகத்தருகே அதைக் கொண்டுபோய், வெண்ணிறக் குமிழ் காமிராவை நோக்கும்படி பிடிக்க வேண்டும். அப்போது கருமை கருமையாகவும் வெண்மை வெண்மையாகவும் பதியும். ஒருவர் எவ்வளவு திருப்பித் தருகிறார் என்று பாராமல், எவ்வளவு ஒளி அவரை வந்தடைந்தது என்று கேட்கும் அளவை இது. தாலந்து உவமையில், ஐந்து பெற்றவரும் இரண்டு பெற்றவரும் ஒரே பாராட்டைப் பெறுவது நினைவுக்கு வருகிறது. ஆனால் ஒரு குறை: இப்படி அளக்க, அந்த ஆளின் அருகே நடந்து போயாக வேண்டும். தொலைவில் நின்றே அளப்பவருக்கு இது வாய்க்காது.

மறுபக்கப் பிழையையும் சொல்லத்தான் வேண்டும். கருத்த மணப்பெண்ணை வெளுப்பாகக் காட்டுவதற்கென்றே ஒளியைக் கூட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. பெற்றோரே அதைக் கேட்டு வாங்குகின்றனர். முகம் தெரியக் கொடுக்கும் ஒளி வேறு, முகத்தை மாற்றக் கொடுக்கும் ஒளி வேறு. இது நம் ஊர் நோய் மட்டுமன்று. கோடாக் நிறுவனம் வண்ணப் படங்களைச் சரிபார்க்க அனுப்பிய அட்டையில் பல்லாண்டுகள் வெள்ளையினப் பெண்ணின் படமே இருந்தது. 1990களில்தான் பல நிறத்தவரும் அதில் இடம்பெற்றனர்.

திருவண்ணாமலையிலேயே நிகழ்ந்த மற்றொன்று. 1950 ஏப்ரலில், பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே-பிரசோன் இவ்வூரில் இருந்தார். கையில் புற்றுக்கட்டியால் துன்புற்ற ரமணர், தம் இறுதி நாள்களில் சிறு அறையொன்றில் கிடந்தார். அவரைக் காண மக்கள் வரிசையாகக் கடந்து சென்றனர். ஏப்ரல் 14 இரவு 8.47க்கு வானில் ஒளியொன்று நகரக் கண்டதாகக் கார்ட்டியே-பிரசோன் பின்னர்ச் சொன்னார். ரமணர் மறைந்த நேரம் அது. அந்நாள்களில் அவர் எடுத்த படங்கள் இன்றும் உள்ளன. பிளாஷ் விளக்கை அவர் ஏற்றதில்லை. இருக்கின்ற ஒளிக்கு மரியாதை தர வேண்டும், ஒளியே இல்லாவிடினும் கூட என்ற கருத்தை 1952இல் வெளிவந்த தம் நூலின் முன்னுரையில் எழுதினார். இறப்பவரின் அறைக்குள் நாம் நம் வெளிச்சத்தை எடுத்துச் செல்லலாமா என்பது படக்காரருக்கு மட்டும் உரிய கேள்வியா? நோயாளியைப் பார்க்கப் போய் அறிவுரை பொழிந்து வரும் நம் எல்லாருக்கும் உரியது எனலாம்.

இருளில் பிலிமுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒரு நொடிக்கு மேற்பட்டால், காத்த காலத்துக்குத் தக்கபடி அது பதிவதில்லை. மீட்டர் நான்கு நொடி என்றால், சில சுருள்களுக்கு எட்டு நொடியும் அதற்கு மேலும் வேண்டியிருக்கும். ஜெர்மானிய வானியலாளர் கார்ல் சுவார்ட்சில்டு இதை ஆராய்ந்ததால், அவர் பெயரே இதற்கு வழங்குகிறது. 1960இல் உதகையில் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் ‘இந்து’ கறுப்பு வெள்ளைச் சுருளை வைத்துக்கொண்டு இதையெல்லாம் கற்ற தலைமுறை ஒன்று நம்மிடையே உண்டு. ஆலை மூடப்பட்டுவிட்டது.

இன்று கைப்பேசி பல படங்களை நொடியில் எடுத்து ஒன்றாக்கி, சுடரையும் முகத்தையும் சேர்த்தே தந்துவிடுகிறது. கேள்வி தீர்ந்தது என்பார் உண்டு. எந்த முகம் எவ்வளவு வெளுக்க வேண்டும் என்பதை இப்போதும் யாரோ தீர்மானிக்கத்தான் செய்கின்றனர். நம்மைக் கேட்பதில்லை என்பதே வேறுபாடு.

மலையில் தீபம் ஏறியதும், ஊர் வீடுகளின் வாசல்களில் அகல்கள் ஏற்றப்படுகின்றன. அப்போது மலைக்கு முதுகு காட்டித் திரும்பும் படக்காரருக்கு, அகலருகே குனிந்த ஒரு முகம் கிடைக்கும். 400 வேகச் சுருள், திறப்பு 2, ஷட்டர் 15இல் ஒரு பங்கு. கை நடுங்காமல் பிடிக்க வேண்டும்.