மதிப்பெண்ணும் பலனும்

ஜூன் மாதத்துக் காலைப்பொழுதொன்றில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் சிறு பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க அமர்ந்து, அவ்வாண்டின் பாடத்திட்டத்தை ஆசிரியை விளக்கக் கேட்கும்போது, கரும்பலகையில் எழுதப்படாத ஒரு தத்துவ வினாவும் அங்கே எழுகிறது: வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு ஜீவனை எண்ணால் அளக்க இயலுமா?

தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் வந்த முப்பருவ முறை, பருவத்துக்குரிய 100 மதிப்பெண்களில் 60-ஐத் தொகுத்தறி மதிப்பீடாகிய எழுத்துத் தேர்வுக்கும், 40-ஐ வளரறி மதிப்பீடாகிய வகுப்பறைச் செயல்களுக்கும் பகிர்ந்து, 91 முதல் 100 வரை பெற்றவர்க்கு ஏ1 என்று தரமிட்டது. வளர்வதை வளரும்போதே அறிவது என்று பொருள்படும் ‘வளரறி’ என்ற அந்தச் சொல்லில் ஒரு சூட்சுமம் இருக்கிறது; விதைத்தவன் நாற்றைப் பார்ப்பது நீர் பாய்ச்சுவதற்கேயன்றித் தீர்ப்புச் சொல்வதற்கன்று.

ஆயினும், தேர்ச்சி அறிக்கை கைக்கு வந்ததும், தகப்பனாரின் சுட்டுவிரல் தமிழையும் அறிவியலையும் விரைந்து தாண்டி, கணக்கின் 41-இல் வந்து நின்றுவிடுகிறது. அருகே நிற்கும் பிள்ளையோ அறிக்கையைப் பாராமல் அந்த விரலையே பார்க்கிறது.

அந்த விரல் வந்து நிற்பது பலனின் மீதே. கீதை போதிக்கும் நிஷ்காம கர்மம் முயற்சியைக் கைவிடச் சொல்வதன்று. பலனின் மீதுள்ள பற்றையே விடச் சொல்வது. அவ்வுபதேசம் படிக்கும் பிள்ளையைக் காட்டிலும், பிள்ளையின் பலனைத் தம் பலனாகப் பாவிக்கும் பெற்றோர்க்கே முதற்கண் உரியது.