காலி செய்கிற மாதம்

வேலை புனேவுக்கு மாறிவிட்டது. நங்கநல்லூர் வீட்டு அக்ரிமென்ட்டில் பாதிக் காலம் மிச்சமிருக்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். அந்த அலைச்சலுக்குப் பயந்து ஊரே 11 மாதக் கணக்கில் குடியிருக்கிறது. எல்லா வாடகை ஒப்பந்தத்தையும் பதிய வேண்டும் என்று 2019-இல் தமிழ்நாட்டில் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பழக்கம் அசைந்ததாகத் தெரியவில்லை.

*

ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தேன். வீட்டுக்காரர் மறுக்கவில்லை. “ஆடியில யார் சார் வீடு பார்க்க வருவா?” என்றார். இந்த ஷரத்து எந்தப் பத்திரத்திலும் இல்லை. ஆனால் இதை மீறியவர் யாரும் இல்லை.

*

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது, வேறு உடன்பாடு இருந்தாலொழிய என்கிறது அந்த 2019 சட்டம். சென்னை அந்த ‘ஒழிய’வில்தான் வாழ்கிறது. நான் கொடுத்த தொகை இப்போது வீட்டுக்காரரிடம் இல்லை. எனக்கு முன்பு இருந்தவருக்குப் போய்விட்டது. அவரை நான் பார்த்ததே இல்லை. அவர் பெயருக்கு வங்கிக் கடிதங்கள் இன்னும் வருகின்றன. போன ஊரில் அவர் அதையே அட்வான்ஸாகக் கொடுத்திருக்கலாம். இனி வருகிறவர் கொடுத்தால்தான் எனக்கு.

*

காலண்டர் ஆணியைப் பிடுங்கியதும் காரை சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது. பற்பசை வைத்து அடைத்தேன். சந்தன நிறச் சுவரில் வெள்ளைப் பொட்டு, முன்பைவிடப் பளிச்சென்று தெரிகிறது. பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகையைப் பிடிக்கத்தான் போகிறார்கள். தெரிந்தும் அடுத்த ஓட்டையை அடைக்கிறேன்.

*

மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங் எடுக்கும். நடுவில் கிளம்புகிறவன் தன் பங்கைத் தானே பார்க்க வேண்டும். மாடிப்படிக்குக் கீழே ஒட்டடையை விலக்கி, செல்போன் வெளிச்சத்தில் மீட்டரைப் படம் எடுத்தேன். இலவச யூனிட்டுகளை யார் கணக்கில் வைப்பது? பாதிப் பாதி என்றார் வீட்டுக்காரர். நியாயமான மனிதர்தான்.

*

ஆடி என்றாலும் ஒரு தம்பதி வந்தார்கள். “மெட்ரோ தண்ணி வருதா அண்ணா?” என்று கேட்டாள் அந்தப் பெண். வருகிறது, கோடையில் லாரிதான் என்றேன். வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவர்கள் வந்தால்தான் எனக்குப் பணம் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தப் பெண் சமையலறைக் குழாயைத் திறந்து மூடிவிட்டு, ஆவணி முதல் வாரம் பால் காய்ச்சலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டாள்.