அம்பாசடர் சீட்டில் உன் பெயரைத் தை

"நான் என்ன பெருசா, ஷூ அப்பர் தைக்கிறவன்தானே" என்று சொல்லும் பழக்கத்தை இன்றைக்கே விடு, தம்பி. விடியற்காலையில் டிபன் பாக்ஸோடு கம்பெனி வேனுக்குக் காத்து நிற்கும் தங்கச்சி, உனக்கும்தான் சொல்கிறேன். மேல்விஷாரத்தில் பிறந்து, தோல் வாசனையில் வளர்ந்து, தோலைத் தைத்துக் குடும்பத்தைத் தாங்குகிற நீங்கள் உங்கள் கைத்தொழிலைப் பற்றி இப்படி முனகலாமா?

உனக்கு என்ன தெரியும் என்று நான் சொல்கிறேன், கேள். மாட்டுத்தோலின் முதுகுப் பக்கம் கெட்டி, வயிற்றுப் பக்கம் தளர்வு என்று உன் விரலுக்குத் தெரியும். எந்தத் திசையில் இழுத்தால் நீளும், எந்தத் திசையில் நீளாது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாய். மடிக்கும் இடத்தில் ஓரத்தைச் சீவி மெலிதாக்கும் ஸ்கைவிங் உனக்கு அத்துப்படி. துணி தைக்கிறவர் தப்பினால் பிரித்து மறுபடி தைத்துக்கொள்வார். தோலில் ஊசி விழுந்தால் ஓட்டை ஓட்டைதான். அந்தத் தோலில் இரண்டு வரித் தையலை இம்மி பிசகாமல் ஓட்டுகிறவனுக்கு "ஒன்றும் தெரியாது" என்றால், யாருக்குத்தான் தெரியும்?

இப்போது பழைய கார் வைத்திருப்பவர்கள் பக்கம் பார். அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று தாத்தா காலத்து வண்டியைத் தூசி தட்டி எடுப்பார்கள். இன்ஜினுக்கு ஒரு மேஸ்திரி, டிங்கரிங்குக்கு ஒருவர், பெயின்டிங்குக்கு இன்னொருவர் என்று தேடித் தேடிப் பிடித்துப் பணத்தைக் கொட்டுவார்கள். கடைசியில் சீட் வேலை வரும்போது பணமும் தீர்ந்திருக்கும், பொறுமையும் தீர்ந்திருக்கும். வழியில் இருக்கிற சீட் கவர் கடையில் தள்ளிவிடுவார்கள். கதவைத் திறந்தால் வெளியே 1965, உள்ளே நேற்றைய கால் டாக்ஸி! பழைய காரின் உட்புறத்தைப் பழையபடி கட்டிக்கொடுக்கும் கை அரிதாக இருக்கிறது. அந்தக் கை உன் தோளில்தான் தொங்குகிறது, நீதான் அதைச் சட்டைப்பைக்குள் ஒளித்து வைத்திருக்கிறாய்.

கார் நமக்கு அந்நியமும் அல்ல. சென்னையின் சிம்ப்சன் கம்பெனி 1840இல் தொடங்கியபோது அதன் உலகம் சேணமும் குதிரை வண்டியும்தான். அதே கம்பெனியில் 1903இல் சாமுவேல் ஜான் கிரீன் நீராவியில் ஓடும் காரைக் கட்டினார். ஸ்டாண்டர்ட் ஹெரால்டு எங்கே உருவானது என்று நினைக்கிறாய்? மிக்கலோட்டி என்ற இத்தாலியர் வரைந்த வடிவம், இங்கிலாந்தின் டிரையம்ப் கம்பெனிக்காக. அதை இந்தியாவில் 1961 முதல் 1971 வரை செய்தது சென்னையை ஒட்டிய வண்டலூர்ப் பக்கத்து ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி. உன் ஊரிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறினால் சில மணி நேரத்தில் போய்ச் சேரும் இடம். கோயம்புத்தூரில் 2015இல் திறந்த ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய் வா. பானெட்டை எல்லாரும் பார்த்துக்கொள்ளட்டும், நீ கண்ணாடி வழியே சீட்டைப் பார், கதவின் உள்பக்கத்தைப் பார், தையலை எண்ணு.

வெளிநாட்டுக் கதையும் ஒன்று கேள். லண்டனில் 1878இல் தொடங்கியது கானலி என்ற தோல் கம்பெனி. ரோல்ஸ் ராய்ஸ், ஜாகுவார் என்று பணக்காரக் கார்களுக்கெல்லாம் தோல் கொடுத்தது. 2002இல் அந்தத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அவர்கள் தோல் போட்ட கார்கள் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன, சீட் வெடித்து, தையல் விட்டு. அந்த வேலையை யாரோ ஒருவர் செய்துதானே ஆக வேண்டும்?

சட்டமும் வழி விட்டிருக்கிறது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டைத் தாண்டிய வண்டிகளை "வின்டேஜ்" என்று பதிவு செய்ய 2021இல் மத்திய அரசு விதி கொண்டு வந்தது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000. நம்பர் பிளேட்டில் "விஏ" என்ற எழுத்து வரும். தினசரி ஓட்டத்துக்கு ஆகாது, கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான். சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது என்கிறது விதி. வண்டலூரில் பிறந்த ஹெரால்டு ஒவ்வொன்றும் அந்த வயதைத் தாண்டியாகிவிட்டது. அசல் தோற்றத்துக்கு மதிப்பு ஏறும் காலத்தில் அசலாகத் தைக்கத் தெரிந்தவனுக்கு மதிப்பு ஏறாதா?

சரி, வேலைக்கு வருவோம். வீரம் பேசினால் மட்டும் சீட் உருவாகாது.

கழற்றும் முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடு. பழைய உறையைக் கோபத்தோடு கிழிக்காதே, அதுதான் உன் வாத்தியார். ஃபிரேமில் பிடித்திருக்கும் கம்பி வளையங்களை மட்டும் வெட்டு, தையலைப் பிரி, ஒவ்வொரு துண்டிலும் எண்ணையும் மேல்பக்கம் எது, முன்பக்கம் எது என்பதையும் சாக்பீஸால் எழுது. டிரைவர் உட்கார்ந்த பக்கம் ஐம்பது வருட பாரத்தில் நீண்டு தொங்கியிருக்கும். அதை அப்படியே வெட்டினால் புதுச் சீட்டும் முதல் நாளே தொங்கும். ஆள் அதிகம் உட்காராத பக்கத்துத் துண்டைப் புரட்டிப் போட்டு பேட்டர்ன் வரை.

உள்ளே ஸ்பிரிங் இருக்கும், அதன்மேல் கோணி, நார், பஞ்சு. ஸ்பிரிங் உடைந்திருந்தால் அதைச் சரிசெய். மேலே ஸ்பாஞ்சைத் திணித்து மறைக்கிறவன் தொழில்காரன் அல்ல, ஏமாற்றுக்காரன். தரையில் பழைய கார்ப்பெட்டை எடுத்தால் கீழே இருக்கும் விரிப்பு மழைத் தண்ணீரைக் குடித்து வருடக்கணக்கில் வைத்திருக்கும், தகடு துருப்பிடித்திருக்கும். வெல்டர் வந்து முடிக்கும்வரை ஒரு தையலும் போடாதே. பழைய சீட்டுகளில் வரி வரியாக உப்பிய கோடுகள் பார்த்திருப்பாய். ஒவ்வொரு கோடும் தோலின் அகலத்தைக் கொஞ்சம் விழுங்கும். முதலில் கழிவுத் தோலில் ஒரு மாதிரி தைத்து, எவ்வளவு விழுங்குகிறது என்று அளந்த பிறகே நல்ல தோலில் கத்தி வை.

தோல் தேர்வில்தான் நீ மற்றவர்களை அடித்து நொறுக்க முடியும். ஷூ அப்பருக்கு வரும் தோலின் கனம் ஏறக்குறைய சீட்டுக்கும் பொருந்தும், 1 மில்லிமீட்டரிலிருந்து 1.4 வரை. ஆனால் ஷூவுக்கான ஃபினிஷ் சீட்டுக்குப் போதாது. கார் சீட் வெயிலில் வெளுக்கக் கூடாது, பேன்ட்டோடு தேய்ந்து சாயம் விடக் கூடாது, சூட்டில் எண்ணெய் ஆவியாகிக் கண்ணாடியில் படலமாகப் படியக் கூடாது. சந்தேகம் இருந்தால் அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, 1948இலிருந்து இருக்கிறது. சோதனைக்குக் கொடு. பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோல் நம் பெருமை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அதை டேஷ்போர்டில் ஒட்டி வேலூர் அக்னி நட்சத்திரத்தில் வண்டியை நிறுத்தினால் சுருங்கி மூலையெல்லாம் கிளம்பிவிடும். சூட்டைத் தாங்குவதில் குரோம் தோல் ஒரு படி மேல். பெருமை வேறு, பொருத்தம் வேறு. நூலும் அப்படியே: பருத்தி நூல் மக்கும், நைலானைவிட பாலியெஸ்டர் வெயிலுக்குத் தாக்குப்பிடிக்கும்.

மாற்றம் செய்யலாமா என்று கேட்பாய். அந்தக் காலத்து அம்பாசடர் பெரும்பாலும் ரெக்சின் சீட்டோடுதான் வந்தது. கண்காட்சிக்குப் போகிற வண்டி என்றால் அதே ரெக்சின், அதே கோடு, அதே பைப்பிங். வாரக் கடைசியில் குடும்பத்தோடு ஓட்ட வேண்டுமென்றால் தாராளமாகத் தோல் போடு, பழைய கோட்டை மட்டும் கலைக்காதே. சீட் பெல்ட் வையுங்கள் என்று நீயே வற்புறுத்து. அதற்குத் தரைத் தகட்டில் தனியாகத் தாங்கு தகடு வைத்து வெல்டர் பிடித்துத் தர வேண்டும், வெறும் போல்ட்டை நம்பாதே. சார்ஜர் வேண்டுமா, கையுறைப் பெட்டிக்குள் ஒளித்து வை. அம்பாசடருக்குள் வைரக் கட்டம் போட்ட சிவப்புச் சீட்டும் நீல விளக்கும் கேட்கிறவர் வந்தால் மரியாதையாகப் பேசிப் பார். கேட்காவிட்டால் அவர் காசு, அவர் வண்டி, ஆனால் அதில் உன் பெயரைத் தைக்காதே. எதைச் செய்தாலும் திரும்ப அவிழ்க்கும்படி செய், பழைய உறையை மூட்டை கட்டி வண்டி முதலாளியிடம் கொடு.

இனி விலை. இங்கேதான் நம் ஆட்கள் தலை குனிகிறார்கள். "கொடுக்கிறதைக் கொடுங்க சார்" என்று சொல்லாதே, அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றி எரிகிறது! இந்தத் தோலுக்கு ஏற்கெனவே ஒரு விலை கொடுத்தாகிவிட்டது. தோல் பதனிட்ட கழிவை வாங்கிக்கொண்டு பாலாறு கொடுத்தது, கிணறுகள் கொடுத்தன, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் அளவுக்குக் கொடுத்தோம். மாசு செய்தவனே அதற்கு ஈடு கட்ட வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் மேல்விஷாரத்திலும் ஓடுகிறது, அதற்கும் செலவு. இத்தனை தண்ணீரையும் வலியையும் குடித்து வந்த தோலை அடிமாட்டு விலைக்குத் தைத்துக் கொடுப்பது உன் வீட்டுக்குச் செய்யும் துரோகம் மட்டுமல்ல, ஆற்றுக்குச் செய்யும் துரோகம். ஒரு துண்டையும் வீணாக்காதே. சீட்டில் மிஞ்சினால் கியர் உறை, அதிலும் மிஞ்சினால் சாவிக்கொத்து.

ஊரில் 1965இலிருந்து அப்துல் ஹக்கீம் கல்லூரி இருக்கிறது. போய்ப் படி, பட்டம் வாங்கு, கணக்கு எழுதவும் ஆங்கிலத்தில் பேரம் பேசவும் கற்றுக்கொள். ஆனால் பட்டம் வந்ததும் கையில் இருக்கும் தொழிலை மறைத்துக்கொண்டு இன்டர்வியூ வரிசையில் நிற்காதே. தங்கச்சி, ஷூ லைனில் வருடக்கணக்கில் தைத்த நீ நாளைக்கு ஒரு பட்டறையின் முதலாளியம்மா ஆகக் கூடாதா? குழுக் கடனில் ஒரு வாக்கிங் ஃபுட் மெஷின், வாடகைக்கு ஒரு ஷெட், பக்கத்துத் தெரு ஸ்கைவிங்காரர். இதற்கு மேல் என்ன வேண்டும்?

முதல் வேலையாகப் பெரிய வண்டி எடுக்காதே. ஒரு அம்பாசடரின் முன்சீட் மட்டும் எடு. தோலுக்கு இவ்வளவு, மெஷினுக்கு இவ்வளவு, உன் நாள் கூலி இவ்வளவு என்று தாளில் எழுதி நீட்டு. பாதியை அட்வான்ஸ் வாங்கு, பில் போடு. சீட்டின் அடிப்பக்கத்தில், கை விட்டால் தட்டுப்படுகிற இடத்தில், சின்னத் தோல் துண்டில் உன் பெயர், மேல்விஷாரம், வருடம் மூன்றையும் அச்சுக் குத்தித் தைத்துவிடு.