உயிர் காக்கும் அறிவும் காப்புரிமையும்

காப்புரிமை இயற்கையாக வந்த உரிமை அன்று. சமூகம் ஒரு நோக்கத்துக்காகக் கொடுக்கும் சலுகை. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர் அதன் செய்முறையை ஊரறிய எழுதிக்கொடுக்கிறார். பதிலுக்கு, குறிப்பிட்ட காலம்வரை வேறெவரும் அதைச் செய்து விற்காதபடி தடுக்கும் அதிகாரத்தை அரசு அவருக்கு அளிக்கிறது. இன்று அந்தக் காலம் பொதுவாக 20 ஆண்டுகள். 1474இல் வெனிஸ் குடியரசு இயற்றிய சட்டம் 10 ஆண்டுகள் தந்தது. ஐரோப்பியக் காப்புரிமைச் சட்டங்களுக்கு முன்னோடியான அந்தச் சட்டமே, அரசு தன் தேவைக்கு எந்தக் கண்டுபிடிப்பையும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற விதிவிலக்கையும் சேர்த்து எழுதியது. சலுகை கொடுத்தவர்கள் தங்கள் கையை முற்றிலும் கட்டிக்கொள்ளவில்லை. ஆகவே, மக்கள் கூட்டங்கூட்டமாகச் சாகும் வேளையில் மருந்து செய்யும் உரிமையை ஒருசிலரிடம் பூட்டி வைப்பது அறமாகாது. 2020 முதல் 2022 வரை ஐரோப்பிய ஒன்றியம் எடுத்த நிலை இந்த அறத்திலிருந்து வழுவியது.

2020 அக்டோபரில், கோவிட் தடுப்பூசி எதுவும் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒப்புதல் பெறாதிருந்தபோது, இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் ஜெனீவாவில் உலக வர்த்தக அமைப்பின் முன் ஒரு கோரிக்கையை வைத்தன. பெருந்தொற்று அடங்கும்வரை தடுப்பூசி, மருந்து, பரிசோதனைக் கருவிகள் ஆகியவற்றின் மீதான அறிவுசார் சொத்துரிமைகளை நிறுத்திவைக்க வேண்டும் என்பதே அது. ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் சுவிட்சர்லாந்தும் எதிர்த்தன. 2021 மே மாதம் அமெரிக்கா தடுப்பூசிகளைப் பொறுத்தமட்டில் மனம் மாறியது. அடுத்த மாதமே ஐரோப்பிய நாடாளுமன்றம் 355க்கு 263 என்ற வாக்குகளில் விலக்கை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் அசையவில்லை. அந்த ஆண்டு முடிந்தபோது ஆப்பிரிக்க மக்களில் பத்தில் ஒருவருக்குக்கூடத் தடுப்பூசி முழுமையாகக் கிடைத்திருக்கவில்லை.

பூட்டி வைக்கப்பட்ட அறிவு தனியார் முதலில் மட்டும் விளைந்ததன்று. கோவிட் தடுப்பூசி உருவாக்கிய, மைன்ஸ் நகரின் பயோன்டெக் நிறுவனத்துக்கு ஜெர்மன் அரசு 37.5 கோடி யூரோ ஒதுக்கியது. ஐரோப்பிய முதலீட்டு வங்கி 10 கோடி யூரோ கடன் வழங்கியது. 2021இல் அந்நிறுவனத்தின் நிகர லாபம் 1,000 கோடி யூரோவைத் தாண்டியது. ஆக்ஸ்ஃபோர்டு தடுப்பூசியும் பெரும்பாலும் பொதுப்பணத்தில் வளர்ந்த ஆய்வின் விளைவே. வரி கட்டியவர்களின் பணம் ஆய்வகத்துக்குள் போகும்போது பொதுச்சொத்தாக இருந்து, வெளியே வரும்போது தனிச்சொத்தாக மாறுவதற்கு அறத்தின் பார்வையில் நியாயம் ஏதும் இல்லை.

காப்புரிமை தளர்ந்தால் புத்தாக்கம் அழியும் என்று ஐரோப்பா உலகுக்குச் சொல்லி வந்தது. ஐரோப்பாவின் சொந்த வரலாறு வேறு கதை சொல்கிறது. பிரான்ஸின் 1844ஆம் ஆண்டுச் சட்டம் மருந்துகளுக்குக் காப்புரிமை தர மறுத்தது; நோயாளியின் தேவையை ஒருவர் தனியுரிமையாக்கக் கூடாது என்ற எண்ணம் அக்காலத்தில் வலுவாக இருந்தது. ஜெர்மனியின் 1877ஆம் ஆண்டுச் சட்டம் வேதிப்பொருளின் தயாரிப்பு முறைக்கு மட்டுமே காப்புரிமை வழங்கியது. பொருளுக்கே வழங்கும் முறை 1968இல்தான் வந்தது. பேயர், ஹோக்ஸ்ட், பிஏஎஸ்எஃப் ஆகியவை உலகப் பெரு நிறுவனங்களாக வளர்ந்தது அந்த இடைக்காலத்தில்தான். நெதர்லாந்து 1869இல் காப்புரிமைச் சட்டத்தையே ஒழித்தது. 1912 வரை அந்நாட்டில் காப்புரிமை இல்லை. மின்விளக்கு செய்வதற்காக ஐந்தோவனில் பிலிப்ஸ் நிறுவனம் நிறுவப்பட்டது 1891இல்.

சுவிட்சர்லாந்தின் கதை இன்னும் வெளிப்படையானது. பிரான்ஸில் காப்புரிமை பெற்ற ஃபுக்சின் என்னும் சாயத்தை 1859 வாக்கிலேயே பாசல் நகரில் தடையின்றிச் செய்தார்கள். அந்தச் சாயப் பட்டறைகளிலிருந்தே சீபா போன்ற நிறுவனங்கள் எழுந்தன. இன்றைய நோவார்டிஸ் அந்த மரபின் வாரிசு. 1888இல் அங்கே காப்புரிமைச் சட்டம் வந்தபோதும் வேதித்தொழில் அதற்கு வெளியே நின்றது. ஜெர்மனியின் நெருக்குதலால் 1907இல் தயாரிப்பு முறைகளுக்கு மட்டும் காப்புரிமை ஏற்கப்பட்டது. மருந்துப் பொருளுக்கே காப்புரிமை வந்தது 1970களின் பிற்பகுதியில். இத்தாலியில் மருந்துக் காப்புரிமைத் தடை நீங்கியது 1978இல், ஸ்பெயினில் 1992இல். தொழில் வளர்ந்து வலுப்பெற்ற பிறகே இந்நாடுகள் வேலியை உயர்த்தின. 1995இல் நடைமுறைக்கு வந்த, உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான டிரிப்ஸோ, அத்தகைய அவகாசத்தைப் பிறருக்குச் சில ஆண்டுகளாகச் சுருக்கிவிட்டது. பொருளுக்கன்றி முறைக்கு மட்டும் காப்புரிமை என்று 1970இல் சட்டம் செய்து மருந்துத் தொழிலை வளர்த்த இந்தியா, 2005இல் அதைக் கைவிட நேர்ந்தது.

கடுந்தேவையின் முன் தனியுடைமை எவ்வளவு தூரம் செல்லும் என்ற கேள்வியை ஐரோப்பாவின் மூத்த சிந்தனையாளர்களும் சந்தித்தவர்களே. பஞ்சத்தில் தவிக்கும் ரோட்ஸ் தீவுக்குத் தானியம் கொண்டுவரும் வணிகர், பின்னால் வேறு கப்பல்களும் வருகின்றன என்ற செய்தியை மறைத்து விலை ஏற்றலாமா என்று கடமைகள் பற்றிய தம் நூலில் கேட்கும் சிசரோ, மறைக்கக் கூடாது என்றே முடிக்கிறார். அங்கே விற்பனைக்கு வந்தது தானியம், மறைக்கப்பட்டது அறிவு. கடுந்தேவையின் முன் உடைமைகள் பொதுவாகிவிடும் என்பது தாமஸ் அக்குவினாஸின் முடிவு. தனிச்சொத்துக்கு வாதாடியவர்களில் தலையாயவரான ஜான் லாக்கும், வேறு வழியற்றுத் தவிப்பவருக்குப் பிறருடைய மிகுதியில் உரிமை உண்டு என்று ஒப்புகிறார். தமிழ் மரபும் இதையே சொல்கிறது. ஒப்புரவறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் பெருந்தகையாளரின் செல்வத்தை, எல்லார்க்கும் பயன்படும் மருந்து மரத்துக்கு ஒப்பிடுகிறார். வாழ்நாளை நீட்டிக்கும் அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு ஈந்த அதியமானைப் புறநானூறு போற்றுகிறது. ரேடியத்தைப் பிரித்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை கோராத கியூரி தம்பதியரும், எக்ஸ் கதிரை உலகுக்கு விட்டுக்கொடுத்த ரான்ட்கனும் அதே நெறியில் நின்ற ஐரோப்பியர்கள்.

எதிர்த்தரப்பிலும் உண்மை உண்டு. தடுப்பூசி ஆய்வு பெருஞ்செலவு பிடிப்பது, தோல்விகள் மிகுந்தது. டூபிங்கனின் கியூர்வாக் நிறுவனத்தின் முதல் தடுப்பூசி 2021இல் எதிர்பார்த்த பலன் தரவில்லை. லாபத்தின் நம்பிக்கையின்றி எல்லாரும் முதலிடமாட்டார்கள். ஆனால் விலக்கைக் கோரியவர்கள் உழைப்புக்கு ஊதியமே கூடாது என்று சொல்லவில்லை. பெருந்தொற்றுக் காலத்துக்கு மட்டுமே கேட்டார்கள். ஏழை நாடுகளால் தடுப்பூசித் தொழில்நுட்பத்தைக் கையாள முடியாது என்ற வாதமும் நிலைக்கவில்லை. கேப் டவுனின் அஃப்ரிஜென் நிறுவனம் பொதுவெளியில் கிடைத்த தகவல்களைக் கொண்டே 2022 தொடக்கத்தில் ஆய்வக அளவில் எம்ஆர்என்ஏ தடுப்பூசியைச் செய்து காட்டியது. கைகொடுத்திருந்தால் காலம் மிஞ்சியிருக்கும், உயிர்களும் மிஞ்சியிருக்கும்.

2022 ஜூனில் உலக வர்த்தக அமைப்பு எட்டிய முடிவு கோரிக்கையின் நிழல் மட்டுமே. வளரும் நாடுகள் உரிமையாளரின் இசைவின்றித் தடுப்பூசி செய்து ஏற்றுமதி செய்வதற்கான விதிகள் 5 ஆண்டுகளுக்குத் தளர்த்தப்பட்டன. மருந்துகளும் பரிசோதனைக் கருவிகளும் அதில் அடங்கவில்லை. 2023 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் தன் நாடுகளுக்கென வேறொரு திட்டத்தை முன்மொழிந்தது. நெருக்கடி வந்தால் ஒன்றியம் முழுவதற்கும் கட்டாய உரிமம் வழங்கி, காப்புரிமையாளரின் இசைவின்றியே மருந்து செய்துகொள்ளலாம் என்றது அது. உயிரின் முன் காப்புரிமை தாழும் என்ற கொள்கையை ஐரோப்பா இவ்வாறு தனக்கென ஒப்புக்கொண்டது. அவ்வாறு செய்யப்படும் பொருளை ஒன்றியத்துக்கு வெளியே ஏற்றுமதி செய்யக் கூடாது என்ற விதியும் அதே முன்மொழிவில் இடம்பெற்றது.