தாழ்ந்தது வெல்லும் ஆட்டம்

சூதின் கேட்டை உரைக்கத் திருவள்ளுவர் ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். எனினும் ஆட்டத்தை விலக்கியவனும் அதன் விதிகளை ஆராயலாம். போக்கர் என்னும் சீட்டாட்டத்தில் 'லோபால்' என்றொரு வகை உண்டு. பொதுவாக உயர்ந்த சீட்டுகள் வெல்லும். இதிலோ தாழ்ந்தவை வெல்லும். பணிந்தவனுக்கே வெற்றி என்று சாதகனின் மனம் மகிழக்கூடும். ஆனால் தாழ்வை இவ்வாட்டம் எவ்வாறு அளக்கிறது என்பதே கவனிக்கத் தக்கது.

கலிபோர்னியா முறையில் ஏஸ் சீட்டின் மதிப்பு ஒன்று. ஒருவரிடம் 8, 4, 3, 2, ஏஸ். மற்றவரிடம் 7, 6, 5, 4, 3. கூட்டினால் முன்னவருக்கு 18, பின்னவருக்கு 25. ஆயினும் தோற்பவர் முன்னவரே. இங்கே கூட்டுத்தொகைக்கு இடமில்லை. இருவரிடமும் உள்ள மிக உயர்ந்த சீட்டுகளே முதலில் ஒப்பிடப்படுகின்றன. அவை சமமானால்தான் அடுத்தவை. நான்கு சிறிய சீட்டுகள் சேர்ந்தும் ஓர் எட்டை மறைக்க முடிவதில்லை. உணவில் எளிமை, உடையில் எளிமை, பேச்சில் அடக்கம் எல்லாம் உடைய ஒருவர், தம் கல்வியைப் பிறர் ஐயுற்றதும் சீறி எழுவதில்லையா?

கான்சாஸ் நகரின் பெயரால் வழங்கும் முறை இன்னும் நுட்பமானது. அதில் ஏஸ் உயர்ந்த சீட்டு. ஒரே இனமாக அமையாத 7, 5, 4, 3, 2 தான் மிகச் சிறந்த கை. 6, 5, 4, 3, 2 அதைவிடத் தாழ்ந்ததல்லவா என்று கேட்கத் தோன்றும். ஆனால் ஐந்தும் இடைவெளியின்றித் தொடர்ந்து நிற்பதால் அது உயர்ந்த கையாகிவிடுகிறது. சாதாரண ஜோடி ஒன்றிடம்கூடத் தோற்கிறது. தனித்தனியே எந்தச் சீட்டும் உயர்ந்ததன்று. வரிசையே அதை உயர்த்திவிட்டது. கலிபோர்னியா முறை வரிசையைப் பொருட்படுத்துவதில்லை. அவ்வகையில் அது சற்று இரக்கமுள்ளது எனலாம்.

கீதையின் பதின்மூன்றாம் அத்தியாயம் ஞானத்தின் இலக்கணங்களைக் கூறுகையில் அமானித்வத்தை முதலிலும் அதம்பித்வத்தை அடுத்தும் வைக்கிறது. தற்பெருமை நீங்கிய பின் பகட்டின்மையைத் தனியே கூறுவானேன்? தன் தர்மத்தைத் தானே வெளிப்படுத்திக் காட்டுவதே தம்பம் என்கிறார் சங்கரர். பணிவான செயல்கள் ஒவ்வொன்றும் உண்மையாகவே பணிவானவையாக இருக்கலாம். அவற்றை வரிசையாக நிறுத்திப் பார்க்கும் கண்ணில்தான் தம்பம் பிறக்கிறது.

ஸ்ரீராமகிருஷ்ணர் தம்முள் இருந்த சாதி அகந்தையை வேரறுக்க விரும்பித் தாழ்த்தப்பட்டவர் ஒருவரின் வீட்டைத் தூய்மை செய்ய அனுமதி கேட்டதை விவேகானந்தர் தம் சொற்பொழிவில் கூறுகிறார். பிராமணர் அதைச் செய்ய அவ்வீட்டார் சம்மதிக்கவில்லை. எனவே நள்ளிரவில், அனைவரும் உறங்கிய பின் சென்று, தம் நீண்ட தலைமுடியால் அவ்விடத்தைத் துடைத்தார்.